சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்டுவிட்டு வரையுங்கள்

கட்டடக்கலைக் கல்லூரிகளில் இறுதியாண்டு மாணவர்கள் தாங்கள் வரைந்த கட்டட டிசைனைக் காட்டும் தீசிஸ் ரிவ்யூவுக்குப் போனால், ஒரு சுவரிலாவது ராமநாதபுரம் கடற்கரைக்கான வரைபட ஷீட் ஒட்டியிருக்கும். தனுஷ்கோடியில் நினைவகம், பாம்பனில் மீனவர் பண்பாட்டு மையம், தேவிபட்டினத்தில் யாத்ரிகர் வளாகம், ஏர்வாடியில் மறுவாழ்வு மையம். கூரை அலை மாதிரி வளைந்திருக்கும். இல்லாவிட்டால் சங்கு மாதிரி சுருண்டிருக்கும். ஒரு திறந்தவெளி அரங்கமும் எங்காவது வந்துவிடும். வரைவதிலும் மாடல் செய்வதிலும் இன்றைய பிள்ளைகளை அடித்துக்கொள்ள ஆளில்லை, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் நான் கேட்கும் முதல் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் வராது: "இந்தக் கட்டடத்தோட சாவி யார்கிட்ட இருக்கும்?"

கேலிக்காகக் கேட்பதில்லை. இந்தக் கரையோர ஊர்களில் பஞ்சாயத்து, ஊர்க் கமிட்டி, ஜமாஅத், பங்குத்தந்தை, மீன்வளத்துறை என்று பொது இடத்துக்கு உரிமை சொல்ல நாலைந்து தரப்பு உண்டு. சாவி யாரிடம் போகிறதோ அவர் தெருவுக்கு அந்த இடம் பக்கத்து வீடு மாதிரி. மற்ற தெருக்காரர்களுக்கு அது அரசு அலுவலகம் மாதிரி. பெண்கள் கழிப்பறையின் சாவி ஊர்த் தலைவர் வீட்டு ஆணியில் தொங்கினால் அந்தக் கழிப்பறையை யாரும் பயன்படுத்தப் போவதில்லை. கட்ட எம்.எல்.ஏ. நிதியோ எம்.பி. நிதியோ கிடைத்துவிடும், ஃப்யூஸ் போன பல்ப் மாற்றவும் கரண்ட் பில் கட்டவும் யாரும் பணம் ஒதுக்கியிருக்க மாட்டார்கள். இதெல்லாம் நிர்வாகம், டிசைன் இல்லை என்று ஒரு மாணவர் வாதாடினார். கதவே தேவைப்படாத ஒரு கூடத்தை வரைவது டிசைன்தானே? பகலில் ஃபேனும் லைட்டும் போடாமல் காற்றும் வெளிச்சமும் வருவது டிசைன்தானே?

புயல் பாதுகாப்பு மையங்களைப் பாருங்கள். பெயரிலேயே பல்நோக்கு என்று இருக்கும். பள்ளிக்கூடமாகவோ கல்யாண மண்டபமாகவோ வருஷம் முழுக்கப் புழங்கும் மையம் புயல் வரும்போது சுத்தமாக, தண்ணீர் வருகிற நிலையில் இருக்கும். பூட்டியே வைத்திருந்த மையத்தில் அந்த ராத்திரிதான் குழாய் வேலை செய்யவில்லை என்பது தெரியவரும். ஆகவே தீசிஸில் பாதுகாப்பு மையம் எடுப்பவர்கள் மற்ற நாட்களின் வேலையை முதலில் முடிவு செய்யுங்கள்.

அடுத்தது, எப்போது சைட்டுக்குப் போகிறீர்கள் என்பது. மாவட்டத்துக்குச் சுமார் 237 கி.மீ. கடற்கரை. ஒரு பக்கம் பாக் நீரிணை, இன்னொரு பக்கம் மன்னார் வளைகுடா. வாடை வீசும் மாதங்களில் வடக்குக் கரை கொந்தளிக்கும், தெற்குக் கரை அடங்கியிருக்கும். தென்மேற்குப் பருவத்துக் காற்றுகளான கச்சானும் சோழகமும் வீசும்போது தலைகீழ். ராமேஸ்வரம் தீவில் பல நாட்டுப்படகுக்காரர்கள் காற்றைப் பார்த்துப் படகைக் கரை மாற்றிக் கட்டுவார்கள். நீங்கள் ஜனவரியில் போய் "இங்கே செயல்பாடு குறைவு" என்று எழுதிய கரை ஆகஸ்டில் நிற்க இடமில்லாமல் இருக்கலாம். கோடை விடுமுறையில் போனால் இன்னொரு குழப்பம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில் ஏறி, பலகை மாற்றிப் பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கும். அதை வழக்கமான காட்சி என்று நினைத்து இறங்குதளத்தை அளந்தால் கணக்கு தப்பும். இரண்டு பருவத்திலும் போக முடியாதவர்கள், டீக்கடையில் உட்கார்ந்து வயதானவர்களிடம் வருஷக் கதையைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒருவர் சொன்னது: "தம்பி, இங்க மேடை கட்டுனா கச்சான்ல மணல் மூடிரும், நாங்க பார்த்துட்டோம்." எந்த சாஃப்ட்வேரில் காற்றோட்டப் படம் போட்டாலும் அந்த மணல் அதில் வராது.

தனுஷ்கோடிக்கும் இது பொருந்தும். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயலில் ஊர் அழிந்தது உண்மை. அதனால் அங்கே யாருமே இல்லை என்று ஷீட்டில் எழுதுவது உண்மையில்லை. மீனவக் குடும்பங்கள் ஓலைக் குடிசைகளில் இருக்கிறார்கள். கடல்தான் பிழைப்பு, வருகிற சுற்றுலாக்காரர்களுக்குச் சங்குமாலையும் விற்கிறார்கள். 2025-ல் அந்தப் பகுதியில் பூநாரை சரணாலயமும் அறிவிக்கப்பட்டிருக்கிறது. இடிந்த தேவாலயத்தின் மேல் கண்ணாடிக் கூரை போடுவதற்கு முன் அங்கே குடிதண்ணீர் எப்படி வருகிறது என்று பாருங்கள். மணலில் ஊத்து தோண்டி, சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றும் பெண்களைப் பார்ப்பீர்கள்.

அந்த ஊத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். மழைநீர் மணலில் இறங்கி, கீழே இருக்கும் உப்புத்தண்ணீரின் மேல் மெல்லிய அடுக்காக மிதக்கிறது. கனம் குறைவு என்பதால் கலக்காமல் நிற்கிறது. ஆழமாக போர் போட்டு மோட்டாரில் உறிஞ்சினால் உப்பு மேலே ஏறிவிடும். அந்த அடுக்குக்குப் பக்கத்தில் உறிஞ்சுகுழிக் கழிப்பறை கட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மணலில் உறிஞ்சுகுழி நன்றாக வேலை செய்கிற மாதிரிதான் தெரியும். கழிவுநீர் சட்டென்று மறைந்துவிடும். எங்கே போனது என்பதுதான் கேள்வி. மாணவர் ஷீட்டுகளில் கழிப்பறை ஒரு மூலையில் 'டாய்லெட் பிளாக்' என்ற சின்னப் பெட்டியாக இருக்கும். என்னைக் கேட்டால் இந்தக் கரையில் அந்தப் பெட்டியே ஒரு முழு தீசிஸ். தரைக்கு மேலே உயர்த்திய, அடிப்பகுதி மூடிய தொட்டி; அதிலிருந்து வரும் நீருக்கு நாணல், கல்வாழை வைத்த வடிகட்டிப் படுக்கை; ஊத்துகளும் ஊருணியும் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று குறித்த வரைபடம். கசடு எடுக்கும் லாரி உள்ளே வரப் பாதை இருக்கிறதா என்பதும் சேர்த்துத்தான்.

மழையையும் மறக்கக் கூடாது. வறண்ட மாவட்டம் என்ற நினைப்பில் வடிகால் இல்லாமல் வரைகிறார்கள். 2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது.

ஏலக்கூடத்துக்கு வருவோம். பெயர் வேண்டாம், ஒரு ஊரில் நல்ல கூடம் கட்டினார்கள். மினுமினுப்பான டைல்ஸ், நாலு பக்கமும் இடுப்புயரச் சுவர். மீன் ஏலம் இன்றைக்கும் வெளியே மணலில்தான் நடக்கிறது. உள்ளே பைக் நிற்கிறது. காரணம் எளிது. ஐஸ் வண்டி பின்பக்கமாக வந்து ஒட்டி நிற்க இடமில்லை, ஈர டைல்ஸில் கூடையோடு நடந்தால் வழுக்குகிறது, சுவர் இருப்பதால் வெளியே நிற்கும் வியாபாரிக்கு மீன் தெரியவில்லை. ஏலம் என்பது நாலு பக்கமும் ஆட்கள் சூழ்ந்து நின்று, எட்டிப் பார்த்து, கேட்டு எடுப்பது. அதற்கு வேண்டியது நிழல், சொரசொரப்பான தரை, கழுவி விட்டால் ஓடும் சரிவு, செதில் அடைக்காத அகலமான திறந்த ஓடை, நல்ல தண்ணீர்க் குழாய். சுவர் எதற்கு?

அங்கே கூடை வாங்கித் தலைச்சுமையாகக் கொண்டுபோகும் பெண்களை யாரும் வரைவதே இல்லை. பஸ் ஸ்டாப்பில் கூடையை இறக்க ஒரு கை தேடி நிற்பார்கள். ஈரக்கூடை என்று பஸ்ஸில் முகம் சுளிப்பதும் உண்டு. நம் ஊர்ச் சாலைகளில் பழைய சுமைதாங்கிக் கல்லைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல் நட்டு, தோள் உயரத்தில் குறுக்கே ஒரு கல். யார் உதவியும் இல்லாமல் சுமையை இறக்கி, திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். அதைவிடச் சுருக்கமான பொது வடிவமைப்பை நான் பார்த்ததில்லை. பஸ் ஸ்டாப்பிலும் ஏலக்கூடத்து வாசலிலும் அப்படி ஒரு திண்டு வைத்துக் காட்டுகிற மாணவருக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு மார்க் போடுவேன். உயரத்தை மட்டும் புத்தகத்திலிருந்து எடுக்காமல் அந்தப் பெண்களை நிற்கவைத்து அளக்க வேண்டும்.

வலை பின்னும் கூடமும் அப்படித்தான். காலை நீட்டி, பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு வேலை செய்வார்கள். வலை நீளம், இடம் ஒடுங்கி நீண்டிருந்தால் போதும், தூண்கள் வலையைக் கட்ட வாகாக நெருக்கமாக இருக்கட்டும். பல ஊர்களில் ஒரு பூவரச மரம் இந்த வேலையைப் பல வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறது. அதை வெட்டிவிட்டு ஷெட் போடும் படங்களைப் பார்த்தால்தான் எனக்குக் கோபம் வரும்.

கரையில் எதுவுமே கட்ட முடியாது, சி.ஆர்.இசட். (கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி) விடாது என்று பயப்படுகிறவர்களும் உண்டு. அது இருப்பதையே மறந்து அலை தொடும் இடத்தில் அருங்காட்சியகம் வைப்பவர்களும் உண்டு. 2011, 2019 அறிவிக்கைகள் இரண்டையும் உட்கார்ந்து படியுங்கள். கிராமப்புறக் கரையில், கடல் ஏறும்போது தண்ணீர் எட்டும் உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை வளர்ச்சித் தடைப் பகுதி; மக்கள் நெருக்கம் 2011 கணக்கெடுப்புப்படி சதுர கி.மீ.க்கு 2,161-க்கு மேல் இருக்கும் இடங்களுக்கு மட்டும் 2019 அறிவிக்கை அதை 50 மீட்டராக்கியது. அந்தத் தடைப் பகுதிக்குள்ளும் உள்ளூர் மக்களுக்கான மருந்தகம், பள்ளி, மழைக்கு ஒதுங்கும் கூடம், பொதுக் கழிப்பறை போன்றவற்றுக்கு அனுமதி கேட்கலாம். மீனவர்களுக்கான மீன் உலர்த்தும் களம், ஏலக்கூடம், வலை பின்னும் இடம் போன்றவற்றுக்கும் வழி உண்டு. சட்டம் விட்டுவைத்திருக்கும் இந்தப் பட்டியல்தான் ஊர் கேட்கும் பட்டியலும். மாணவர் பட்டியலில் இவை கடைசியில் வருகின்றன.

இனி உப்பு. இதை டிசைன் வகுப்பான ஸ்டூடியோவில் யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. கடற்கரைக் காற்று படும் கான்கிரீட்டை ஐ.எஸ். 456 (2000) என்ற இந்தியத் தர விதி 'கடுமை' வகையில் வைக்கிறது: வலிமைத் தரம் குறைந்தது எம்30, கம்பியை மூடும் கான்கிரீட், அதாவது கவர், 45 மி.மீ. கடல் சாரல் நேரடியாக அடிக்கும் இடம் என்றால் எம்35, 50 மி.மீ. ரெண்டரில், அதாவது கம்ப்யூட்டர் படத்தில், காட்டும் அந்த மெல்லிய தூண், மெல்லிய ஸ்லாப் இந்தக் கவரோடு நிற்காது. கம்பி துருப்பிடித்து வீங்கும், கான்கிரீட் பிளந்து விழும். தண்ணீரும் முக்கியம். கம்பி போட்ட கான்கிரீட் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. கான்ட்ராக்டர் பக்கத்து போர் தண்ணீரைத்தான் எடுப்பார். வெயிலில் நிற்கும் மேஸ்திரி வேறு என்ன செய்வார்? எஸ்டிமேட்டிலேயே லாரித் தண்ணீருக்குத் தொகை போட்டு, சைட்டில் சோதித்தால்தான் தப்பிக்கலாம். தகரக் கூரை என்றால் முதலில் போவது ஷீட் இல்லை, ஸ்க்ரூவும் போல்ட்டும். நல்ல ஷீட்டை மலிவு ஆணியால் அடித்துவிட்டு ஷீட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. காற்றுக்கு ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி (2015): கிழக்குக் கடற்கரையில் புயல் பாதுகாப்பு மையம், பள்ளி, மருத்துவமனை போன்றவற்றுக்குக் காற்று வேகத்தை 1.3 மடங்காக எடுக்கச் சொல்கிறது. விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், ஏறக்குறைய 1.7 மடங்கு. அலைக்கூரை போட்ட தம்பிகள் அந்தக் கூரையின் விளிம்பை இந்தக் கணக்கோடு ஒருமுறை பார்க்க வேண்டும்.

இதற்கு மாற்றாக 'மரபுப் பொருள்' என்று போகிறவர்களுக்கும் இரண்டு வார்த்தை. இந்தக் கரையில் பழைய கட்டடங்களில் பவளக்கல்லும் பவளச் சுண்ணாம்பும் உண்டு. அதைப் பார்த்து இப்போது அதே கல்லில் சுவர் எழுப்பலாம் என்று எழுதாதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய கடல் 1986-லேயே தேசியப் பூங்காவானது. பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்குப் பக்கத்தில் இருக்கின்றன. பனைமரத் தூணும் அப்படியே: பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ல் ஆணை வந்துவிட்டது. விழுந்த மரம், பழைய வீட்டிலிருந்து கழற்றிய சட்டம் என்றால் தாராளமாக எடுங்கள்.

ஓலைக்கூரை வெக்கைக்கு அருமை. ஆனால் 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ஏர்வாடியில் ஒரு மனநல விடுதியின் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் வெந்து இறந்தார்கள். ஏர்வாடியில் மறுவாழ்வு மையம் வரைகிற ஒவ்வொருவரும் கூரைக்கு முன் வழியை வரைய வேண்டும்: ஒவ்வொரு அறைக்கும் இரண்டு வழி, உள்ளேயிருந்து திறக்கும் கதவு, கம்பி போட்ட ஜன்னலிலும் திறக்கக்கூடிய ஒரு பகுதி. இங்கேயும் சாவிக் கேள்விதான்.

கடைசியாக ஒரு நடைமுறை யோசனை. பாதி டிசைன் முடிந்ததும் ஊருக்குத் திரும்பிப் போங்கள். தமிழ்நாட்டில் கிராம சபை வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பிளானைப் பெரும்பாலோர் படிக்க மாட்டார்கள். அட்டை மாடலைக் கொண்டுபோய் வையுங்கள், கூரையைக் கழற்றுகிற மாதிரி. எழுத்தெல்லாம் தமிழில், அளவு அடியில் இருக்கட்டும். மே 1 தடைக்காலத்தில் வருவதால் விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள். பெண்கள் கூட்டத்தில் பின்வரிசையில் நின்றுவிட்டுப் போய்விடுவார்கள். அவர்களுக்கு அதே மாடலை மறுநாள் காலையில் ஏலம் முடிந்த பிறகு காட்டுங்கள். ஐஸ் கரைவதற்குள் கிளம்ப வேண்டியவர்கள், பேச்சைச் சுருக்கிக்கொள்ளுங்கள்.