களைப்பு தெரியாத உடம்புக்கு ஓய்வு

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மே மாதம். வேலூரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டியிருந்தது. காலை 10 மணியிலிருந்து வரிசையாக ஆறு பேருக்கு கவுன்சலிங் கொடுத்தேன். கடைசி நபர் கிளம்பியதும் எழுந்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது, சுவரைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அன்று ராத்திரி குளிர் காய்ச்சல். மறுநாள் பரிசோதனையில் சிறுநீர்த் தொற்று என்று வந்தது.

"எரிச்சல் எத்தனை நாளா இருந்தது?" என்று டாக்டர் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. முந்தைய நாள் முழுக்க ஒரு தடவைகூட பாத்ரூம் போகவில்லை என்பதே அவர் கேட்ட பிறகுதான் நினைவுக்கு வந்தது. காலையில் நிரப்பி வைத்த தண்ணீர் பாட்டில் மூடி திறக்காமல் மேசையிலேயே இருந்தது.

எனக்கு ஆட்டிசமும் (பிறரோடு பழகுவதும் புலன்களை உணர்வதும் வேறு விதமாக இருக்கும் மூளை வளர்ச்சி நிலை) ஏ.டி.எச்.டி.யும் (கவனத்தையும் துறுதுறுப்பையும் கட்டுப்படுத்துவது கடினமாக இருக்கும் நிலை) இருப்பது 36 வயதில்தான் உறுதியானது. அதற்கு முன் பத்து வருடத்துக்கு மேல் இதே தொழிலில் இருந்துகொண்டு, வருகிறவர்களிடம் எல்லாம் "உடம்பு சொல்றதைக் கேளுங்க, களைச்சா ஓய்வெடுங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். உடம்பு சொல்லும், சொன்னால் புரியும் என்று நம்பிக் கொடுக்கிற ஆலோசனை அது. என்னைப் போன்ற பலருக்கு அந்தச் சேதி வருவதே இல்லை, அல்லது மிகவும் தாமதமாக வருகிறது.

பசி, தாகம், சிறுநீர் முட்டுவது, நெஞ்சு படபடப்பது, உடம்பு சூடாவது ஆகிய உள்தகவல்களை உணர்வதற்கு இன்டெரோசெப்ஷன் என்று பெயர். இவை வந்து சேரும் முக்கியமான இடங்களில் ஒன்று மூளையில் உள்ள இன்சுலா என்ற பகுதி. ஆட்டிசம் உள்ள பலருக்கு இந்தத் தகவல் மங்கலாக வரும். சிலருக்கு நேர்மாறாக, அளவுக்கு மீறி வரும். அப்படி வரும்போது இதயத் துடிப்பே தாங்க முடியாத சத்தமாகிவிடும். ஏ.டி.எச்.டி. உள்ளவர் ஒரு வேலையில் மூழ்கிவிட்டால் வயிறு கூப்பிடுவது காதிலேயே விழாது. அதற்காகக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் பசி இன்னும் குறையும். இவை போக, வந்த உணர்வுக்குப் பெயர் வைக்க முடியாத நிலையும் உண்டு. பீட்டர் சிஃப்னியோஸ் என்ற மனநல மருத்துவர் 1970களில் அதற்கு அலெக்சிதைமியா என்று பெயரிட்டார். ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன.

ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் வேலை செய்யும் ஒரு பெண் என்னிடம் வருகிறார் (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). "எப்படி இருக்கு?" என்று கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான்: "ஒரு மாரியா கீது மேடம்." ஆரம்பத்தில் அதைத் தோண்டித் தோண்டிக் கேட்டேன். பயமா, கோபமா, அசதியா என்று. அது என் தவறு. அந்த ஒரு மாரிக்குள் மத்தியானம் சாப்பிடாததும், மெஷின் சத்தமும், மாதவிடாய் வலியும், சூப்பர்வைசர் திட்டியதும் பிரிக்க முடியாமல் ஒன்றாகக் கிடந்தன. இப்போது வேறு மாதிரி கேட்கிறேன். கடைசியாக எத்தனை மணிக்குத் தண்ணீர் குடித்தீர்கள்? சிறுநீர் என்ன நிறத்தில் போனது? இப்போது தோள் காதுக்குப் பக்கத்தில் இருக்கிறதா, கீழே இருக்கிறதா? இவற்றுக்கு அவரால் பதில் சொல்ல முடிகிறது.

இந்த வழி எனக்குக் கரிகிரியில் கிடைத்தது. காட்பாடிக்கு அந்தப் பக்கம் 1955இல் தொடங்கிய தொழுநோய் மருத்துவமனை அங்கே இருக்கிறது. முதுகலை படிக்கும்போது ஒருமுறை போயிருந்தேன். ஒரு பெரியவர் சாயங்கால வெளிச்சத்தில் உட்கார்ந்து, காலைத் தூக்கி, சின்னக் கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரலிடுக்கு, குதிகால், கை என்று ஒவ்வொன்றாக. வலிக்கிறதா என்று கேட்டேன். "வலிக்காதும்மா, அதான் பாக்கறேன்" என்றார்.

1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் கரிகிரியோடும் சேர்ந்து உழைத்தவர். நோய் விரலைத் தின்றுவிடுகிறது என்று ஊர் நம்பிய காலத்தில், உணர்ச்சி மரத்துப்போன கையில் சூடும் கீறலும் பட்டது தெரியாமல் போவதால்தான் புண் முற்றி விரல் போகிறது என்று எடுத்துக்காட்டியவர்களில் அவர் முக்கியமானவர். வலி இல்லையென்றால், தினமும் கண்ணால் பார்க்க வேண்டும். அங்கே நோயாளிகளுக்குக் கற்றுக்கொடுத்தது அதைத்தான். தொழுநோயில் நரம்பு சேதமாகிறது, என் விஷயம் அது இல்லை. இரண்டையும் ஒன்றாக்கவில்லை. ஆனால் சிறுநீர்த் தொற்றோடு படுத்திருந்த அந்த வாரத்தில் எனக்கு அந்தப் பெரியவரின் கண்ணாடிதான் திரும்பத் திரும்ப ஞாபகத்துக்கு வந்தது. அவர் தன் காலிடம் கேட்டுக்கொண்டிருக்கவில்லை, பார்த்துக்கொண்டிருந்தார்.

அதனால் களைப்பு வரட்டும் என்று நான் இப்போது காத்திருப்பதில்லை. ஒரு நாளைக்கு நான்கு பேர்தான். ஒவ்வொருவருக்கும் நடுவில் 20 நிமிடம். அந்த 20 நிமிடம் நோட்ஸ் எழுதுவதற்கு இல்லை. வருகிறவர் எதிரில் முகத்தைச் சரியாக வைத்துக்கொள்வதும், கண்ணைப் பார்த்துப் பேசுவதும் எனக்குத் தனி உழைப்பு, மாஸ்கிங் என்பார்கள். அந்த முகத்தை இறக்கி வைக்க நேரம் வேண்டும். அலாரம் அடித்தால், தேவை தோன்றினாலும் தோன்றாவிட்டாலும் பாத்ரூம் போய் வருவேன், ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பேன்.

சரி, அப்புறம் ஓய்வு. கண்ணை மூடி மூச்சைக் கவனியுங்கள் என்றால் சிலருக்குப் பதற்றம் ஏறுகிறது. அவர்களை வற்புறுத்த வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அசையாமல் கிடப்பது எல்லோருக்கும் ஓய்வாகாது. ஊஞ்சலில் ஆடுவது, பூ கட்டுவது, கோட்டை அகழியை ஒட்டி ஒரே வேகத்தில் நடப்பது என்று ஒரே அசைவு திரும்பத் திரும்ப வருவதில்தான் பலருக்கு உடம்பின் பதற்றம் இறங்குகிறது. எடையுள்ள போர்வை நல்லது என்று இணையத்தில் சொல்கிறார்கள். எங்கள் ஊர் வெயிலில் அதைப் போர்த்தினால் வெந்துவிடுவோம். நான் தரையில் கோரைப்பாய் விரித்துக் குப்புறப் படுக்கிறேன். தரையின் குளிர்ச்சியும் அழுத்தமும் உடம்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காட்டுகின்றன. உட்கார்ந்திருக்கும்போது மூன்று கிலோ அரிசியைத் துணிப்பையில் கட்டித் தொடைமேல் வைத்துக்கொள்வேன்.

பெண்களுக்கு இதில் இன்னொரு தடை. பகலில் படுத்தால் வீடு விளங்காது, விளக்கு வைக்கிற நேரத்தில் பாயில் இருக்கக் கூடாது. இதைச் சொல்லாத வீடு குறைவு. நான் குடும்பத்தினரிடம் நேராகவே பேசுகிறேன்: சர்க்கரை உள்ளவருக்கு வேளைக்குச் சாப்பாடு எப்படியோ, இவருக்கு மத்தியானம் அரை மணி நேரம் அப்படி. வேலை செய்யும் இடத்தில் கேட்பது இன்னும் கடினம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப் பட்டியலில் ஆட்டிசம் இருக்கிறது, ஏ.டி.எச்.டி. பெயர் சொல்லி இடம்பெறவில்லை.

ஒன்று மட்டும் கவனம். எல்லாச் சோர்வையும் இந்தக் கணக்கில் எழுதிவிடாதீர்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை மூன்றையும் பார்த்துவிடுங்கள். சேதி தாமதமாக வரும் உடம்பு என்பதால், மற்றவர்களைவிட நாம் சீக்கிரமாக டாக்டரிடம் போக வேண்டும். மனசு தாங்கவில்லை என்றால் 14416க்குக் கூப்பிடலாம். அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

ஷூ கம்பெனிப் பெண்ணுக்கு அலாரம் வைக்க வழியில்லை. செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் டீ மணி அடித்ததும் முதலில் பாத்ரூம், அப்புறம்தான் டீ என்று பழக்கினோம். பக்கத்து மெஷின் அக்காவிடம் அவரே விஷயத்தைச் சொல்லி வைத்திருக்கிறார். மணி அடித்ததும் அந்த அக்கா இவர் தோளைத் தொட்டு, "எழுந்திரு, போயிட்டு வா" என்கிறாராம்.