சொல் விளக்கம்: பேண்தகைமை

பாலித்தீன் பைக்கு நிலைத்தன்மை உண்டு. மண்ணில் புதைத்தாலும் மக்காது. டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லி மருந்துக்கும் நிலைத்தன்மை உண்டு. வயலில் தெளித்தது மீனுக்குப் போய், மீனைத் தின்ற பறவையின் கொழுப்பிலும் தங்கிவிடும். டி.டி.டி. உள்ளிட்ட 12 நச்சுப் பொருள்களை 2001-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை முதற்கட்டமாகத் தடைக்கும் கட்டுப்பாட்டுக்கும் உட்படுத்தியது. அவற்றைத் தமிழில் ‘நிலைத்த கரிம மாசுகள்’ என்கிறோம். சரியான பெயர். ஆனால் அந்த நஞ்சுகளிலிருந்து மண்ணையும் நீரையும் காக்கச் சொல்லும் கருத்துக்கும், அதாவது ‘சஸ்டெய்னபிலிட்டி’க்கும், அதே வேர்ச்சொல்லை எடுத்து ‘நிலைத்தன்மை’ என்று எழுதிவருகிறோம். நோய்க்கும் மருந்துக்கும் ஒரே சீட்டை ஒட்டுவது போன்றது இது. அந்தக் கருத்துக்குப் பொருந்தும் சொல் ‘பேண்தகைமை’ என்பதே இங்கே வாதம்.

கல்லூரிப் பயிலரங்கு அழைப்பிதழ்களிலும், பாடத்திட்டக் குறிப்புகளிலும், மொழிபெயர்த்த வினாத்தாள்களிலும் இந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். ‘பாடத்திட்டத்தில் நிலைத்தன்மையையும் சமூக நீதியையும் ஒருங்கிணைத்தல்’ என்ற தலைப்பில் உள்ள முக்கியமான சொற்கள் மூன்றில் சரியாக இருப்பது ‘சமூக நீதி’ மட்டுமே.

முதலில் மூலச்சொல். லத்தீனில் ‘சஸ்டினேரே’ என்றால் கீழிருந்து தாங்கிப் பிடிப்பது. ‘சப்’ என்பது கீழே, ‘டெனேரே’ என்பது பிடித்தல். இன்றைய பொருளின் வித்து ஜெர்மனியில் விழுந்தது. சாக்சனி நாட்டில் ஃப்ரைபெர்க் சுரங்கங்களை நிர்வகித்த ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ் 1713-இல் காடு வளர்ப்பு பற்றி ஒரு நூல் எழுதினார். சுரங்கத்துக்கும் உருக்கு உலைக்கும் மரம் வெட்டி வெட்டிக் காடு தீர்ந்துவந்த காலம் அது. காடு திரும்ப வளரும் அளவுக்குள்தான் வெட்ட வேண்டும் என்பதே அவர் சொன்னதன் சாரம். 1987-இல் ஐ.நா.வின் பிரண்ட்லண்ட் ஆணையம் இந்தக் கருத்தைக் காட்டிலிருந்து உலகப் பொருளாதாரம் முழுமைக்கும் விரித்தது: வருங்காலத் தலைமுறைகள் தம் தேவைகளை நிறைவேற்றிக்கொள்ளும் திறனைக் கெடுக்காமல், இன்றைய தேவைகளை நிறைவேற்றும் மேம்பாடு.

இந்த வரையறையை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அடுத்த வரியை விட்டுவிடுவார்கள். ‘தேவைகள்’ என்பதில் உலகின் ஏழைகளுடைய அடிப்படைத் தேவைகளுக்கே எல்லாவற்றுக்கும் மேலான முன்னுரிமை தர வேண்டும் என்று அந்த ஆணையம் உடனே சேர்த்துச் சொல்லியிருக்கிறது. ஆகவே சமூக நீதி வெளியிலிருந்து கொண்டுவந்து ‘ஒருங்கிணைக்க’ வேண்டிய சரக்கு என்று நினைப்பதே பிழை. வரையறையின் உள்ளேயே அது இருக்கிறது.

இனி ‘நிலைத்தன்மை’ என்ன செய்கிறது என்று பார்ப்போம். இயற்பியலிலும் வேதியியலிலும் பொருளியலிலும் அந்தச் சொல் ‘ஸ்டெபிலிட்டி’க்கு எப்போதோ கொடுக்கப்பட்டுவிட்டது. சேர்மத்தின் நிலைத்தன்மை, விலைவாசியின் நிலைத்தன்மை, ஆட்சியின் நிலைத்தன்மை என்று எழுதுகிறோம். ஒரு கலைச்சொல்லை இரண்டு கருத்துகளுக்குக் கொடுத்தால் மாணவர் முதலில் தெரிந்துகொண்டதைத்தான் பிடித்துக்கொள்வார். ‘நிலைத்தன்மை என்றால் என்ன, விளக்குக’ என்ற ஐந்து மதிப்பெண் கேள்விக்கு ‘மாறாமல் ஒரே நிலையில் இருத்தல்’ என்று விடை வந்தால் மாணவரைக் குறை சொல்ல முடியாது. சொல் அதைத்தான் சொல்கிறது.

இதைவிடப் பெரிய கோளாறு இலக்கணத்தில் இருக்கிறது. ‘நிலைத்தல்’ செயப்படுபொருள் குன்றிய வினை. மலை நிலைக்கிறது, புகழ் நிலைக்கிறது. யார் நிலைக்க வைத்தார், எதை இழந்து நிலைக்க வைத்தார் என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை. ‘பேணுதல்’ அப்படியல்ல. குளத்தைப் பேணுகிறோம், உடம்பைப் பேணுகிறோம், வயதான பெற்றோரைப் பேணுகிறோம். பேணுபவர் ஒருவர் வேண்டும், பேணப்படுவது ஒன்று வேண்டும். லத்தீன் மூலத்திலும் தாங்குபவர் உண்டு, தாங்கப்படுவது உண்டு. நீதியைப் பற்றிப் பேச வேண்டுமானால் செய்தவரும் பட்டவரும் வாக்கியத்தில் இருந்தாக வேண்டும். ஆளே இல்லாத வினைச்சொல்லைத் தலைப்பில் வைத்துவிட்டுக் கீழே சமூக நீதியைத் தேடினால் கிடைக்காது.

அரசு ஆவணங்களில் புழங்கும் ‘நீடித்த வளர்ச்சி’, ‘நீடித்த நிலையான வளர்ச்சி’ ஆகியவையும் தேறா. 2015-இல் ஐ.நா. ஏற்ற 17 இலக்குகளில் எட்டாவதை மொழிபெயர்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அந்த ஒரே வரியில் ‘சஸ்டெய்ன்டு’, ‘சஸ்டெய்னபிள்’ இரண்டும் பொருளாதார வளர்ச்சிக்கு அடைமொழிகளாக வருகின்றன. முன்னது, விட்டுவிடாமல் தொடர்ந்து நடப்பது. பின்னது, அடியைக் கெடுக்காமல் நடப்பது. பின்னதற்கு ‘நீடித்த’ என்று ஏற்கெனவே கொடுத்துவிட்டவர் முன்னதற்கு எங்கே போவார்? இரண்டில் ஒன்றை விழுங்கிவிடுவார், அல்லது ‘நீடித்த நிலையான’ என்று இரண்டையும் சேர்த்துக் குழைத்துவிடுவார். ஒரு நிறுவனத்தின் லாபம் இருபது ஆண்டு நீடிக்கலாம். அதே இருபது ஆண்டில் ஊர்க் கிணறுகள் பாழாகலாம். அந்த வளர்ச்சியும் ‘நீடித்த வளர்ச்சி’தானே? போதாக்குறைக்கு, ‘நீடித்த’ என்பது இறந்தகாலப் பெயரெச்சம். ‘சஸ்டெய்னபிள்’ என்பதன் ஈறான ‘-ஏபிள்’ தரும் ‘-த்தக்க’ என்ற பொருள் அதில் கிடையாது. ‘வளர்ச்சி’யும் இங்கே பொருந்தாது. ‘குரோத்’ வளர்ச்சி, ‘டெவலப்மென்ட்’ மேம்பாடு. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போடுவதால்தான் உற்பத்திக் கணக்கு உயர்ந்தாலே மேம்பாடு வந்துவிட்டதாக மாணவர்கள் எழுதுகிறார்கள்.

சிலர் ‘தாங்குதிறன்’ என்கிறார்கள். மூலத்துக்கு நெருக்கமானதுதான். ஆனால் ஒரு மேய்ச்சல் நிலம் எத்தனை மாடுகளைத் தாங்கும் என்ற சூழலியல் அளவுக்கு அது ஏற்கெனவே பெயராகிவிட்டது. அங்கேயே இருக்கட்டும்.

‘வளங்குன்றா வளர்ச்சி’ அழகான ஆக்கம். ‘குன்றாத’ என்பதில் ஈறு கெட்டு ‘குன்றா’ என நிற்கிறது, ‘வாடா மலர்’ போல. எது குறையக் கூடாது என்பதையும் சொல்லிலேயே வைத்திருக்கிறது. கார்லோவிட்ஸின் மரக்கணக்குக்கும், மீன்வளத்துக்கும், நிலத்தடி நீருக்கும் இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. ஆனால் அது வளத்தோடு நின்றுவிடும். காடு குன்றாமல் இருந்து, அந்தக் காட்டிலிருந்து பழங்குடிகளைத் துரத்தியிருந்தால் அது வளங்குன்றாததுதான். 1987-இன் பொருளில் அது தேறாது.

இலங்கைத் தமிழில் ‘பேண்தகு அபிவிருத்தி’ என்று எழுதுகிறார்கள். ‘நிலைபேறான’, ‘நிலைபேண்தகு’ என்பவையும் அங்கே உண்டு; ‘நிலை’ ஒட்டியவற்றை விட்டுவிடலாம். ‘அபிவிருத்தி’க்குப் பதில் ‘மேம்பாடு’ வைத்தால் ‘பேண்தகு மேம்பாடு’. பெயர்ச்சொல் ‘பேண்தகைமை’. ‘தகு’ என்பதில் ‘முடியும்’ என்பதைவிட ‘தகுதி உண்டு’ என்ற பொருளே ஓங்கி நிற்கிறது என்பது நியாயமான மறுப்பு. அந்தச் சாய்வு இங்கே நன்மையே செய்கிறது. எதைப் பேணத் தகும், எதை விட்டுவிடத் தகும் என்று கேட்க வைக்கிறது. எதிர்மறைக்கும் இடர் இல்லை: ‘பேண்தகா நீர்ப்பயன்பாடு’ எனலாம். ‘நிலைத்தன்மையற்ற நீர்ப்பயன்பாடு’ என்றால் குழாயில் ஒரு நாள் வருகிறது, ஒரு நாள் வரவில்லை என்றுதான் யாரும் புரிந்துகொள்வார்கள்.

‘ஒருங்கிணைத்தல்’ பற்றியும் சொல்ல வேண்டும். ஒருங்கிணைப்பாளர், ஒருங்கிணைப்புக் குழு என்று பல தரப்பைக் கூட்டி நடத்தும் வேலைக்கு அந்தச் சொல் போய்விட்டது. கல்லூரிகளிலும் அதுதான் நடக்கிறது: ஒரு குழு, ஒரு ஒருங்கிணைப்பாளர், ஒரு தனித்தாள். உச்ச நீதிமன்றம் 1991-இல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கச் சொன்னது. அதன் தொடர்ச்சியாகப் பல்கலைக்கழக மானியக்குழு எல்லா இளநிலைப் பட்டப் படிப்புகளுக்கும் ஆறு மாதத் தாள் ஒன்றை வகுத்தது. 8 அலகுகள், 50 வகுப்புகள். அதில் ஆறாம் அலகு ‘சமூகச் சிக்கல்களும் சுற்றுச்சூழலும்’. பேண்தகு மேம்பாடு, நகர மின்தேவை, மழைநீர் சேகரிப்பு, இடம்பெயர்ந்தோர் மறுவாழ்வு, காலநிலை மாற்றம், தரிசு மீட்பு, நுகர்வு மோகம், காற்று, நீர், வனவிலங்கு, வனச் சட்டங்கள் எல்லாம் அந்த ஓர் அலகுக்குள் அடங்கின. ஒதுக்கிய வகுப்புகள் 7. அந்தத் தாளை நடத்தியாயிற்று என்று வணிகவியல் துறையும் வேதியியல் துறையும் கைகழுவிக்கொள்ளலாம். நெசவில் ஊடு பாவோடு இழைவதுபோல அந்தந்தத் துறையின் சொந்தக் கணக்கில் இது வர வேண்டும். அதற்கு ‘பாடங்களில் இழைத்தல்’ என்றே சொல்லலாம்.

எப்படி இழைப்பது என்பதற்கு வேலூர் தோல் தொழிற்சாலை வழக்குத் தீர்ப்பு ஒன்றே போதும். 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் தந்த அந்தத் தீர்ப்புதான், கேடு முழுதாக நிரூபணமாகும் முன்பே தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கொள்கையையும், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையையும் பேண்தகு மேம்பாட்டின் கூறுகளாக இந்தியச் சட்டத்தில் நிறுத்தியது. தோல் தொழில் நடக்கும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு ஆகாமல் போனது, திண்டுக்கல் வட்டாரத்தில் 13 ஊர்களில் குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 மாசுபட்டன என்ற ஆய்வு விவரங்கள் அதிலேயே இருக்கின்றன. ஒரு கிலோ பதனிட்ட தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்ற கணக்கும் இருக்கிறது.

இந்த 35 லிட்டரை அடக்கவிலைக் கணக்கியல் வகுப்புக்கு எடுத்துச் செல்லலாம். நாளொன்றுக்கு 1,000 கிலோ தோல் என்றால் 35,000 லிட்டர். ஊரகக் குடிநீருக்கு ஜல் ஜீவன் திட்டம் வைத்திருக்கும் அளவு ஆளுக்கு நாளுக்கு 55 லிட்டர். வகுத்தால் 636 பேரின் ஒரு நாள் தண்ணீர். மாணவர் அடக்கவிலைத் தாள் தயாரிக்கும்போது தண்ணீருக்கு எவ்வளவு எழுதுகிறார் என்று பார்க்க வேண்டும். ஆழ்குழாய் மோட்டாரின் மின்கட்டணம் மட்டும்தான் வரும். கெட்டுப்போன கிணற்றுக்கான நட்டம் எந்தத் தலைப்பிலும் வராது, ஏனென்றால் அது பக்கத்து விவசாயியின் கணக்கில் விழுகிறது. அந்த நட்டத்தை யார் ஏட்டிலிருந்து யார் ஏட்டுக்கு மாற்றுவது என்பதே தீர்ப்பின் சாரம். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு ஒரு செலவு, கெட்ட சூழலைச் சீராக்குவது இன்னொரு செலவு. இரண்டும் மாசுபடுத்தியவர் தலையில். மாணவர் இரண்டையும் தனித்தனி வரியாக எழுதிக் காட்ட வேண்டும்.

வேதியியல் வகுப்பில் உப்பை எடுத்துக்கொள்ளலாம். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க அதன் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு உப்பிடுவது வழக்கம். ஊறல் தொட்டியில் அதில் பெரும்பகுதி தண்ணீரில் கரைந்துவிடும். சுத்திகரிப்பு நிலையத்தில் நுண்ணுயிர்கள் கரிமக் கழிவைத் தின்னும், உப்பைத் தொடாது; சவ்வு வழி வடிகட்டுவது போன்ற முறைகளால்தான் பிரியும், பிரித்த உப்பை எங்கே கொட்டுவது என்ற கேள்வியும் மிஞ்சும். உப்பு சிதையாது, நிலைத்திருக்கும். நிலைத்திருப்பதுதான் இங்கே சிக்கலே.

இத்தகைய பயிற்சிகள் வழக்கமாகக் கெடுவது மதிப்பெண் பங்கீட்டில். ‘சமூகத் தாக்கம்’ என்று கடைசியில் இரண்டு மதிப்பெண் வைத்தால் ‘மரம் நடுவோம்’ என்று ஒரு வரி வரும். பத்து மதிப்பெண் கேள்வியில் நான்கைக் கணக்குக்கும், நான்கை ‘யார் பயன்பெற்றார், யார் சுமந்தார்’ என்பதற்கும், இரண்டை மாற்று வழிக்கும் வைக்கலாம். கேள்வியை இப்படிக் கேட்கலாம்: ‘இந்த ஆலையின் நீர்ப்பயன்பாடு பேண்தகுமா? எதை, யார், யாருக்காகப் பேண வேண்டும் என்று கணக்கோடு எழுதுக.’ இதில் ‘பேண்தகுமா’வை எடுத்துவிட்டு ‘நிலைத்தன்மை உடையதா’ என்று போட்டுப் பாருங்கள். இரண்டாம் வாக்கியத்தை அதன் பிறகு எழுதவே வராது.