முகவரியில் ஒட்டிக்கொண்டு வரும் சாதி

கடலூரில் பிளஸ் டூவுக்குக் கணினி அறிவியல் எடுக்கிறேன். கம்ப்யூட்டர் ஆள் பார்த்து மார்க் போடாது என்று நம்பிக்கொண்டுதான் பிள்ளைகள் வகுப்புக்கு வருகிறார்கள். பெற்றோருக்கும் அதே நம்பிக்கை. அதை அப்படியே விட்டுவிட்டு அல்காரிதம் (கம்ப்யூட்டர் படிப்படியாகப் பின்பற்றும் கணக்கீட்டு முறை) நடத்துவதில் எனக்கு உடன்பாடில்லை.

மார்க்கிலிருந்தே தொடங்குவேன். 2020இல் கொரோனாவால் இங்கிலாந்தில் நம் பிளஸ் டூ போன்ற ஏ-லெவல் தேர்வு நடக்கவில்லை. ஆசிரியர்கள் கொடுத்த கிரேடை ஏற்காமல், அந்தந்தப் பள்ளியின் முந்தைய ஆண்டு முடிவுகளையும் வைத்து ஒரு அல்காரிதம் கிரேடு போட்டது. ஏறக்குறைய 40 சதவீத கிரேடுகள் குறைந்தன. மிகச் சிறிய வகுப்புகளுக்கு மட்டும் ஆசிரியர் மதிப்பீடே நின்றது; அத்தகைய வகுப்புகள் தனியார் பள்ளிகளில்தான் அதிகம். மாணவர்கள் தெருவில் இறங்கிப் போராட, நான்கே நாளில் அதைக் கைவிட்டார்கள்.

"அப்போ போன வருஷ அக்காங்க எடுத்த மார்க்தான் எனக்குமா மிஸ்?" என்று ஒரு மாணவி கேட்டாள். அவ்வளவுதான், வகுப்புக்கே புரிந்துவிட்டது. 2021இல் இங்கே தேர்வு ரத்தானபோது பத்தாம் வகுப்புக்கு 50, பிளஸ் ஒன்னுக்கு 20, பிளஸ் டூ செய்முறை, அகமதிப்பீட்டுக்கு 30 சதவீதம் என்று அவரவர் மதிப்பெண்ணை வைத்தே கணக்கிட்டார்கள் என்பதையும் சொன்னேன்.

அப்புறம் ஒரு பயிற்சி. உதவித்தொகை விண்ணப்பம் ஒன்றைப் போர்டில் வரைந்து, பாரபட்சம் வரக்கூடிய கட்டங்களை அடிக்கச் சொல்வேன். சாதி போகும், மதம் போகும், பெயரும் போகும். முகவரியை யாரும் தொடமாட்டார்கள். சோனங்குப்பம் என்று இருந்தால் மீனவர் வீட்டுப் பிள்ளை என்று ஊருக்கே தெரியும். தெருப்பெயர் 'காலனி' என்று முடிந்தால் என்ன தெரியும் என்பதை நான் விளக்க வேண்டியதே இல்லை. முன்பு அந்தத் தெருக்காரர்களைத் தேர்ந்தெடுக்காமல் விட்டிருந்தால், அந்தப் பழைய முடிவுகளைப் பார்த்துக் கற்கும், சாதிக் கட்டமே இல்லாத புரோகிராமும் அதே தெருவைத் தள்ளிவிடப் பழகிக்கொள்ளும்.

அமேசானுக்கு நடந்ததும் இதுதான். 10 ஆண்டுகளில் வந்த, பெரும்பாலும் ஆண்களின் வேலை விண்ணப்பங்களைப் படித்துக் கற்ற, ஆளெடுக்கும் புரோகிராம், 'பெண்கள்' என்ற சொல் இருந்த விண்ணப்பங்களைக் கீழே தள்ளியது. அதைத் திருத்தினாலும் வேறு வழியில் பாரபட்சம் நுழையாது என்ற உறுதி இல்லாததால் அதையே கைவிட்டார்கள் என்று 2018இல் செய்தி வந்தது.

இதற்குத் தனிப் பீரியட் தேட வேண்டாம். பைத்தான் நிரல் மொழியும், தகவலை அட்டவணையாக வைக்கும் சிஎஸ்வி கோப்பும் பிளஸ் டூ பாடத்திலேயே இருக்கின்றன. கோப்பைத் திறந்ததும், இதை யார் பதிவு செய்தார்கள், இதில் யார் பெயர் வரவே இல்லை, முன்பு யாரை ஒதுக்கினார்கள் என்று பிள்ளைகளைக் கேட்க வையுங்கள். புரோகிராம் எழுதுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.