புள்ளிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பின்னம்

0.6, 0.45 இந்த இரண்டில் எது பெரியது? யோசிக்காமல் பதில் சொல்பவர்களில் பலர் 0.45-ஐக் காட்டுவார்கள். 6-ஐ விட 45 பெரியதுதானே! புள்ளிக்கு வலப்பக்கம் இருப்பதைத் தனி முழு எண்ணாகப் படிப்பதால் வரும் தடுமாற்றம் இது. ‘புள்ளி நாற்பத்தைந்து’ என்று சொல்லும் பழக்கமும் அதற்குத் துணைபோகிறது. ‘புள்ளி நான்கு ஐந்து’ என்று ஒவ்வோர் இலக்கமாகச் சொல்வதே நல்லது.

333 என்ற எண்ணைப் பாருங்கள். மூன்றும் ஒரே 3 என்றாலும் மதிப்பு முந்நூறு, முப்பது, மூன்று. இடமிருந்து வலமாக ஓரிடம் நகரும்போதெல்லாம் மதிப்பு பத்தில் ஒரு பங்காகிறது. ஒன்றாம் இடத்தோடு இது நின்றுவிட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இன்னும் ஓரிடம் நகர்ந்தால் பத்தில் ஒன்று, அப்புறம் நூறில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று. புள்ளியின் வேலை ஒன்றாம் இடம் எது என்று காட்டுவது மட்டும்தான். இந்த அமைப்பின் நடுவில் இருப்பதும் புள்ளி அல்ல, ஒன்றாம் இடம். அதற்கு ஒரு பக்கம் பத்து என்றால் மறுபக்கம் பத்தில் ஒன்று; நூறு என்றால் நூறில் ஒன்று.

ஐரோப்பாவில் தசமங்களைப் பரப்பிய சைமன் ஸ்டெவின் 1585-இல் எழுதிய சிறு நூலில் புள்ளியே கிடையாது. ஒவ்வோர் இலக்கத்துக்கும் பக்கத்தில் வட்டத்துக்குள் 0, 1, 2, 3 என்று எழுதி அதன் இடத்தைக் குறித்தார். பார்க்கக் கொஞ்சம் நெரிசலாகத்தான் இருக்கும். ஆனால் அதைப் படிப்பவர் 0.45-ஐ நாற்பத்தைந்து என்று நினைக்க வாய்ப்பே இல்லை.

ஆக, தசமம் என்பது பகுதியை, அதாவது கோட்டுக்குக் கீழே வரும் எண்ணை, எழுதாமல் விட்ட பின்னம். 0.45 என்றால் 4/10 + 5/100, அதாவது 45/100. சுருக்கினால் 9/20. 0.6 என்பது 6/10, அதுவே 60/100. இப்போது எது பெரியது என்பதில் குழப்பம் இல்லை. 0.6-க்கு வலப்பக்கம் ஒரு பூஜ்யம் சேர்த்தால் மதிப்பு ஏன் மாறுவதில்லை என்பதற்கும் இதுவே விடை.

பின்னத்திலிருந்து தசமத்துக்குப் போகும்போதுதான் சுவாரசியம் தொடங்குகிறது. 3/8-ஐ எடுத்துக்கொள்வோம். 8-ஐ 125-ஆல் பெருக்கினால் 1000. எனவே 375/1000, அதாவது 0.375. சரி, 1/3? மூன்றை எதனால் பெருக்கினாலும் 10, 100, 1000 எதுவும் வராது. பத்தின் பகாக் காரணிகள் 2, 5 இரண்டு மட்டுமே. சுருக்கிய பின்னத்தின் பகுதியில் இவற்றைத் தவிர வேறு பகாக் காரணி இருந்தால் தசமம் முடியவே முடியாது. ‘சுருக்கிய’ என்பது முக்கியம்: 3/12-ன் பகுதியில் 3 ஒளிந்திருந்தாலும் அது 1/4 ஆகி, 0.25-இல் நின்றுவிடும்.

முடியாவிட்டாலும் தறிகெட்டு ஓடாது. 1-ஐ 7-ஆல் வகுத்துக்கொண்டே போனால் வரக்கூடிய மீதிகள் 1 முதல் 6 வரைதான். ஆறு படிகளுக்குள் ஏதோ ஒரு மீதி திரும்பி வந்தாக வேண்டும்; வந்ததும் பழைய கதைதான். அதனால்தான் 0.142857142857… என்று 142857 சுழல்கிறது.

இது பின்னத்தின் குறையல்ல, பத்தின் குணம். பண்டைய பாபிலோனியர் பத்துக்குப் பதில் அறுபதை அடிமானமாக வைத்திருந்தார்கள்; ஓரிடம் நகர்ந்தால் மதிப்பு அறுபதில் ஒரு பங்காகும். அவர்களுக்கு 1/3 என்பது 20/60, ஒரே இடத்தில் முடிந்துவிடும். கணினிக்கோ அடிமானம் 2. பத்தில் 5 என்ற காரணி இருப்பதால், நமக்கு எளிதான 0.1 அதற்கு முடிவில்லாமல் நீளும் எண். எங்கேயாவது வெட்டித்தான் சேமிக்க வேண்டும். பல நிரல்மொழிகளில் 0.1-உடன் 0.2-ஐக் கூட்டினால் 0.30000000000000004 என்று வருவது இதனால்தான்.

1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில் இதே வெட்டு உயிர்களைக் குடித்தது. அங்கிருந்த பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பின் கடிகாரம் நேரத்தைப் பத்தில் ஒரு நொடிகளாக எண்ணியது. அந்த 0.1-ஐ 24 பிட்டுகளில், அதாவது 0 அல்லது 1 ஆன 24 இலக்கங்களில், வெட்டி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு முறையும் சேர்ந்த பிழை நொடியில் ஏறக்குறைய கோடியில் ஒரு பங்குதான். ஆனால் நூறு மணி நேரத்தில் பத்தில் ஒரு நொடிகள் 36 லட்சம். கடிகாரம் ஏறக்குறைய 0.34 நொடி பிசகியிருந்தது. அவ்வளவு நேரத்தில், ஈராக் ஏவிய ஸ்கட் ஏவுகணை அரை கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். தடுப்பு அமைப்பு வானத்தில் தவறான இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, ஏவுகணை படைவீரர் குடியிருப்பில் விழுந்து 28 பேர் இறந்தார்கள்.