13 வரை வகுத்துவிட்டு எழுந்துவிடாதீர்கள்

காட்பாடியில் போட்டித் தேர்வு எழுதுவோருக்குக் கணக்கு நடத்தும் எனக்கு, ஒரே பிழையைத் திருத்தித் திருத்திச் சலித்துவிட்டது. கடைசியாக நடந்த மாதிரித் தேர்வில் 10,001 பகா எண்ணா, அதாவது 1ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண்ணா என்று கேட்டிருந்தேன். குடியாத்தத்திலிருந்தும் ஆற்காட்டிலிருந்தும் வருகிற, நன்றாகப் படிக்கும் பிள்ளைகள்கூட "ஆம்" என்றே எழுதியிருந்தார்கள்.

ஒரு விடைத்தாளின் ஓரத்தில் செய்முறை அழகாகவே இருந்தது: கடைசி இலக்கம் 1, ஆகவே 2, 5 வகுக்காது, இலக்கங்களின் கூடுதல் 2, ஆகவே 3 வகுக்காது, 7ஆல் வகுத்தால் மீதி 5, 11ஆல் வகுத்தால் மீதி 2, 13ஆல் வகுத்தால் மீதி 4. அதன் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே "பகா எண்". வகுத்ததில் தவறே இல்லை, நிறுத்திய இடம்தான் தவறு. 73ஐ 137ஆல் பெருக்கிப் பாருங்கள், 10,001 வரும்.

கல்யாண மொய்யில் ஒரு ரூபாய் கூட்டி வைத்தால் தொகையைப் பிரிக்க முடியாது என்று நம் ஊரில் சொல்வார்கள். 101க்கு அது பொருந்தும். 501 என்பது 3 × 167, 1,001 என்பது 7 × 11 × 13. மொய் வைப்பவரை நான் குறை சொல்லவில்லை, அது ஆசி. ஆனால் அதே நம்பிக்கையோடு தேர்வறைக்குள் வருபவரைக் குறை சொல்லத்தான் வேண்டும். ஒற்றைப்படை என்பது வேறு, பகா எண் என்பது வேறு. வகுபடும் விதிகளில் ஒன்று பொருந்தினால் அந்த எண் பகு எண் என்பது உறுதியாகிவிடும். எதுவுமே பொருந்தாவிட்டால், அந்தச் சில எண்களால் அது வகுபடவில்லை என்பதற்கு மேல் ஒன்றும் உறுதியாவதில்லை.

எண் பெரிதாகப் பெரிதாக இந்த அவசரம் மேதைகளையும் விடுவதில்லை. ஓர் எண்ணிலிருந்து 1ஐக் கழித்து, வர்க்கமாக்கி, மீண்டும் 1ஐக் கூட்டினால் அடுத்த எண் வரும் 3, 5, 17, 257, 65,537 என்ற வரிசையில் இவையெல்லாம் பகா எண்களாக இருக்கக் கண்ட கணித மேதை ஃபெர்மா, அதே வரிசையில் அடுத்து வரும் 4,29,49,67,297ஐயும் பகா எண் என்றே கருதினார். அது 641 × 67,00,417 என்று 1732இல் இன்னொரு கணித மேதை ஆய்லர் காட்டினார். இந்த எண்ணின் பகாக் காரணி எதுவானாலும் 64இன் ஒரு மடங்கோடு 1 கூட்டியதாகவே இருக்கும் என்பதால், 193, 257, 449, 577 ஆகியவற்றைச் சோதித்து ஒதுக்கினால் அடுத்துச் சோதிக்க வேண்டியதே 641தான். அந்த வழி தெரியாமல் 2, 3, 5 என்று தொடங்குபவர் 641ஐத் தொடுவதற்கு முன்பே களைத்துப்போய் "பகா எண்" என்று எழுதிவிடுவார்.

ஆகவே முதலில் வர்க்கமூலத்தைத் தோராயமாகக் குறித்துக்கொள்ளுங்கள். அதுவரையுள்ள பகா எண்களால் மட்டும் வகுத்தால் போதும், அதற்கு முன் நிறுத்தக் கூடாது. 100க்குள் உள்ள 25 பகா எண்களும் மனப்பாடமாக இருக்கட்டும். 91, 119, 221, 323 ஆகியவற்றைப் பார்த்தவுடனே சந்தேகப்படுங்கள், வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கு இவற்றின் மேல் தனிப் பிரியம் உண்டு. குறிப்பேட்டில் "13 வரை பார்த்தால் போதும்" என்று எழுதித் தரும் சக ஆசிரியர்களே, தயவுசெய்து அந்த வரியை அடித்துவிடுங்கள். அது 17இன் வர்க்கமான 289க்குக் கீழேதான் செல்லும்.

இன்று வீட்டில் 9,991ஐ எடுத்துக்கொண்டு உட்காருங்கள். 89 வரை ஒன்றும் வகுக்கவில்லையே என்று பேனாவை மூடிவிடாதீர்கள், இன்னும் ஒரு பகா எண் பாக்கி இருக்கிறது.