மலிவான கிளாஸுக்குத்தான் வரி அதிகம்

விலை உயர்ந்த பொருளுக்கு இறக்குமதி வரி அதிகமாகவும் மலிவான பொருளுக்குக் குறைவாகவும் இருக்கும் என்றுதான் பொதுவாக எல்லோரும் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் கண்ணாடி கிளாஸ் விஷயத்தில் அது அப்படியே தலைகீழ். நான் நியூ ஜெர்சியில் கஸ்டம்ஸ் புரோக்கராக, அதாவது இறக்குமதி செய்பவர்களுக்குச் சுங்க வேலைகளை முடித்துத் தருபவராக இருக்கிறேன். உணவகமும் பாரும் நடத்தும் நம்மவர்கள் அடிக்கடி வந்து, மார்ட்டினி கிளாஸ், விஸ்கி கிளாஸ் எல்லாம் இந்தியாவின் பிரோசாபாத்திலிருந்தோ சீனாவிலிருந்தோ நேரடியாக வரவழைக்கலாமா என்று கேட்பார்கள். மொத்த ஆர்டர் எவ்வளவு என்று நான் முதலில் கேட்பதில்லை. "கிளாஸ் ஒன்று என்ன விலை?" என்பதுதான் என் முதல் கேள்வி.

காரணம் இருக்கிறது. குடிக்கும் கிளாஸ்கள் எல்லாம் சுங்கப் பட்டியலில் 7013 என்ற தலைப்பில் வருகின்றன. சாதாரணக் கண்ணாடியில் செய்த கிளாஸ் ஒன்றின் விலை 30 சென்டுக்குள் இருந்தால் அடிப்படை வரி 28.5 சதவீதம். 30 சென்டைத் தாண்டி 3 டாலர் வரை 22.5 சதவீதம். 3 டாலருக்கு மேல் 5 டாலர் வரை 11.3 சதவீதம், 5 டாலரைத் தாண்டிவிட்டால் வெறும் 7.2 சதவீதம். காம்பு வைத்த மார்ட்டினி கிளாஸானாலும் காம்பில்லாத விஸ்கி கிளாஸானாலும் இதே கணக்குதான். ஈயம் கலந்த கிரிஸ்டல் என்றால் சலுகை இன்னும் தாராளம். எடையில் 24 சதவீதமாவது ஈய ஆக்சைடு இருந்தால்தான் அது கிரிஸ்டல் கணக்கில் சேரும். அந்த வகையில் 5 டாலருக்கு மேற்பட்ட கிளாஸுக்கு 3 சதவீதம்தான் வரி.

பணமாகப் போட்டுப் பார்த்தால்தான் உறைக்கும். 3 டாலர் சாதாரண கிளாஸுக்கு வரி 67.5 சென்ட். 20 டாலர் கிரிஸ்டல் கிளாஸுக்கு 60 சென்ட். சதவீதத்தை விடுங்கள், கையிலிருந்து போகும் காசே மலிவான கிளாஸுக்குத்தான் அதிகம்.

யாரோ உட்கார்ந்து ஏழையைக் கசக்க வேண்டும் என்று எழுதிய பட்டியல் இல்லை இது. 1930-இல் அமெரிக்காவில் வந்த ஸ்மூட்-ஹாலி என்ற இறக்குமதி வரிச் சட்டக் காலத்து வரிகள் மிக உயரம். இன்றும் ரஷ்யா, பெலாரஸ், கியூபா, வட கொரியா ஆகிய நான்கு நாடுகளுக்கு அந்தப் பழைய வரியைக் காட்டும் தனிப் பத்தி ஒன்று சுங்கப் பட்டியலில் இருக்கிறது. அதில் கிளாஸுக்கு 60 சதவீதம் என்று போட்டிருக்கும். மற்ற நாடுகளுக்கான வரி, பிற்பாடு நடந்த உலக வர்த்தகப் பேச்சுவார்த்தைகளில் சுற்றுக்குச் சுற்று இறங்கியது. எதிரில் உட்கார்ந்து பேரம் பேசிய ஐரோப்பியர்கள் விற்றது விலையுயர்ந்த கிரிஸ்டல். உள்ளூர் ஆலைகள் எந்திரத்தில் வார்த்துத் தள்ளியது மலிவான கிளாஸ். எது இறங்கியது, எது இறங்காமல் நின்றது என்று நான் சொல்லத் தேவையில்லை. இத்தனை பாதுகாப்பு இருந்தும் ஒஹாயோவின் லிபி கிளாஸ் கம்பெனி 2020-இல் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. கொரோனாவில் உணவகங்கள் மூடிக் கிடந்த நேரம் அது. வாங்க ஆளில்லாதபோது வரிச் சுவர் எந்த உயரத்தில் இருந்து என்ன பயன்?

சரி, இதெல்லாம் உங்கள் இன்வாய்ஸில் எங்கே வந்து இடிக்கிறது? பெரும்பாலும் மோல்டில், அதாவது கிளாஸை வார்க்கும் அச்சில். உணவகத்தின் சின்னத்தை அடியில் பொறித்து, தனி மோல்டு செய்து 10,000 கிளாஸ் வரவழைக்க விரும்பினார் ஒருவர். இன்வாய்ஸில் கிளாஸ் ஒன்றுக்கு 2.80 டாலர். மோல்டுக்காக 3,000 டாலர் தனியாக அனுப்பியிருந்தார். அது பேச்சோடு பேச்சாகத்தான் வெளியே வந்தது. "அது வேற கணக்குங்க, கிளாஸ் விலையில வராது" என்றார். வரும். பொருளைத் தயாரிக்க வாங்குபவர் கொடுக்கும் மோல்டு, அதற்குக் கட்டிய பணம், பேக்கிங் செலவு எல்லாமே சுங்க மதிப்பில் சேர்த்தி. கப்பல் கூலியும் இன்சூரன்ஸும் மட்டும், தனியாகக் காட்டியிருந்தால், அமெரிக்காவில் சேராது. மோல்டைப் பங்கிட்டால் கிளாஸுக்கு 30 சென்ட், ஆக மதிப்பு 3.10 டாலர். வரியோ 22.5 சதவீதத்திலிருந்து 11.3-க்கு இறங்குகிறது. முதல் கணக்கில் 6,300 டாலர் கட்டியிருப்பார். சரியான கணக்கில் 3,503 டாலர். உண்மையைச் சொன்னதற்கு லாபம் கிடைக்கும் சந்தர்ப்பம் இந்தத் தொழிலில் அபூர்வம்.

இதைக் கேட்டதும் சிலருக்கு மூளை வேறு பக்கம் வேலை செய்யும். 2.95 டாலர் கிளாஸை 3.05 என்று இன்வாய்ஸ் போட்டுவிட்டால் வரி பாதியாகிவிடுமே, சப்ளையரும் சரி என்கிறாரே என்பார்கள். விலையைக் கூட்டித்தானே காட்டுகிறோம், இதில் என்ன தப்பு என்ற நினைப்பு. நீங்கள் உண்மையில் கொடுத்த விலை எதுவோ அதுதான் மதிப்பு. கூட்டிக் காட்டினாலும் குறைத்துக் காட்டினாலும் பொய் இன்வாய்ஸ் பொய் இன்வாய்ஸ்தான். மோசடி என்று நிரூபணமானால் சரக்கின் உள்நாட்டு மதிப்பு வரைக்கும் அபராதம் போடச் சட்டத்தில் இடமுண்டு. வங்கிக் கணக்கில் போன தொகையும் இன்வாய்ஸும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க அதிகாரிக்கு அதிக நேரம் ஆகாது. ஆவணங்களை ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும் என்ற விதியே இதற்காகத்தான்.

"எல்லாம் எங்கள் பொறுப்பு, வரி கட்டி வாசலில் இறக்குகிறோம்" என்று வரும் வாட்ஸப் கொட்டேஷனையும் கவனமாகப் பாருங்கள். சுங்கப் படிவத்தில் இறக்குமதியாளர் என்று யார் பெயர் போகிறது என்று எழுத்தில் கேளுங்கள். உங்கள் பெயர் போனால், அங்கே எவரோ போட்ட மதிப்புக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

பார் நடத்துபவர்களுக்கு இன்னொரு தகவல். அச்சில் அழுத்தி வார்த்து, பிறகு வெப்பத்தில் உறுதிப்படுத்திய கிளாஸுக்குத் தனி வரி, 12.5 சதவீதம். தினமும் கழுவிக் கழுவி உடையும் இடத்தில் அந்த வகை கிளாஸ் எப்படியும் தேவை. ஆனால் "டெம்பர்டு" என்று சப்ளையர் இன்வாய்ஸில் எழுதிவிட்டால் மட்டும் போதாது. சுங்க ஆய்வகத்தில் சோதிப்பார்கள். தேறாவிட்டால் வித்தியாசத்தைக் கட்ட வேண்டியதுதான்.

மேலே சொன்னதெல்லாம் அடிப்படை வரி மட்டும். 2025-இல் அதன் தலைமேல் நாட்டுவாரிக் கூடுதல் வரிகள் ஏறின. இந்தியச் சரக்குக்கு ஆகஸ்ட் 7-இல் 25 சதவீதம், அதே மாதம் 27-இல் இன்னொரு 25. அந்த விகிதங்கள் அப்போதையவை. இத்தகைய வரிகள் அடிக்கடி மாறுவதால் ஆர்டர் கொடுக்கும் நாளில் ஒருமுறை, கப்பல் ஏறும் முன் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு அரை டஜன் கிளாஸ் ஆன்லைனில் வாங்குகிறவர்களும் தப்பவில்லை. 800 டாலருக்குள் வரும் பார்சலுக்கு வரியில்லை என்ற சலுகை 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தப்பட்டது.

மதுவைக் குலுக்கிக் கலக்கும் ஷேக்கரும் நான்கு கிளாஸும் ஒரே பெட்டியில் வரும் பரிசு செட்டைச் சுங்கப் பட்டியலில் எந்த எண்ணில் வைப்பது என்பதில் எனக்கே சில சமயம் சந்தேகம் வரும். அப்படிப்பட்ட சரக்குக்கு, முன்பணம் அனுப்பும் முன்பே சுங்கத்துறையிடம் எழுத்துபூர்வமான தீர்ப்பு வாங்கிவிடலாம். இணையத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் கிடையாது. பொருளின் படம், எதனால் செய்தது, ஒவ்வொன்றின் விலை ஆகியவற்றைத் தெளிவாக எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் ஒரு மாதத்தில் பதில் வந்துவிடும்.