அரங்கில் தெளிவாகக் கேட்ட பேச்சு பதிவில் ஏன் குழம்புகிறது?

கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டபோது சொற்பொழிவு முழுவதும் நன்றாகப் புரிந்திருக்கும். அதே இருக்கையில் வைத்திருந்த கைப்பேசியின் பதிவைப் பிறகு போட்டுப் பார்த்தால், கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பேசுவது போல இருக்கும். உடனே பழி மைக் மேல் விழும். விலை கூடிய மைக்கைத் தேடத் தொடங்குவார்கள். பெரும்பாலும் அது வீண் செலவு.

அரங்கில் நம் காதை அடைவது பேச்சாளரின் குரல் மட்டுமல்ல. சுவர், கூரை, தரை எல்லாவற்றிலும் பட்டுத் திரும்பும் ஒலிகளும் கூடவே வருகின்றன. இரண்டு காதுகளுக்கும் ஒலி வந்து சேரும் நேரத்திலும் அளவிலும் உள்ள சிறு வேறுபாட்டைக் கொண்டு, எந்தத் திசையைக் கவனிப்பது என்று மூளை முடிவு செய்து மற்றதைத் தள்ளிவிடுகிறது. 1953இல் பிரிட்டிஷ் அறிவியலாளர் கொலின் செர்ரி செய்த சோதனைகளில், ஒரே குரலில் பதிவான இரண்டு பேச்சுகளை ஒன்றாகக் கலந்து கொடுத்தபோது பிரித்தறியக் கேட்பவர்கள் திணறினார்கள். ஒரு காதுக்கு ஒன்று என்று கொடுத்ததும் எளிதாகப் பிரித்துவிட்டார்கள். ஒற்றை மைக் செய்வது முதல் வகைக் கலப்பைத்தான். அதற்குத் திசையும் தெரியாது, கவனமும் கிடையாது.

ஆகவே கலப்பதற்கு முன்பே குரலின் பங்கைக் கூட்டியாக வேண்டும். தூரம் இரட்டிப்பானால் நேராக வரும் குரல் 6 டெசிபல் (ஒலியின் அளவைக் குறிக்கும் அலகு) குறைகிறது. ஆனால் சுவர்களில் பட்டு அறை முழுக்கப் பரவும் எதிர்முழக்கம் எங்கே நின்றாலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். இரண்டும் சமமாகும் இடத்தை மாறுநிலைத் தொலைவு என்கிறார்கள். 500 கன மீட்டர் கொள்ளளவும் 1.2 விநாடி எதிர்முழக்க நேரமும் (ஒலி நின்ற பிறகு எதிர்முழக்கம் அடங்க எடுக்கும் நேரம்) கொண்ட அறையில், பேசுபவர் பார்க்கும் திசையிலேயே நின்றாலும் அது ஒன்றரை மீட்டர் அளவுக்குத்தான் வரும். அதைத் தாண்டி வைத்த மைக்கில் குரலைவிட அறைதான் அதிகம் பதிவாகிறது. வாயிலிருந்து 20 சென்டிமீட்டரில் இருக்கும் மைக்கை 4 மீட்டருக்குத் தள்ளினால் இழப்பு 26 டெசிபல்; குரலின் ஆற்றல் நானூறில் ஒரு பங்காகிவிடுகிறது. எந்த விலை மைக்கும் இதை ஈடுகட்டாது.

சட்டையில் மாட்டும் மலிவான காலர் மைக் இதனால்தான் ஜெயிக்கிறது. 1962இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வெஸ்டும் கெர்ஹார்ட் செஸ்லரும் உருவாக்கிய எலெக்ட்ரெட் மைக்கின் வழிவந்தவைதான் இவற்றில் பெரும்பாலானவை. மின்னூட்டத்தைத் தன்னுள்ளேயே நிலையாகத் தேக்கிவைத்த மென்படலம் இருப்பதால், உயர் மின்னழுத்தம் தரும் தனிக் கருவி தேவைப்படுவதில்லை. விலை குறைந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

ஒருவர் பேசும்வரை விஷயம் சுலபம். நால்வர் மேசையில் உட்கார்ந்து விவாதிக்கும்போதுதான் தலைவலி. திறந்திருக்கும் மைக் ஒவ்வொன்றும் அறையின் இரைச்சலைத் தன் பங்குக்குச் சேர்க்கிறது. எண்ணிக்கை இரட்டிப்பாகும்போதெல்லாம் 3 டெசிபல். நான்கும் திறந்திருந்தால் 6 டெசிபல். அதாவது, பேசுபவர் மைக்கிலிருந்து இருமடங்கு தள்ளிப் போனதற்குச் சமம்!

இன்னொன்றும் நடக்கும். என் குரல் பக்கத்தில் இருப்பவரின் மைக்கிலும் விழுகிறது, சற்றுத் தாமதமாக. 34 சென்டிமீட்டர் வித்தியாசம் என்றால் ஒரு மில்லிவிநாடி. இரண்டையும் கலந்தால் 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகச் சில அதிர்வெண்களில் இரண்டு ஒலிகளும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். குரல் குழாய்க்குள் பேசியது போல ஆகிவிடும். உங்கள் வாய்க்கும் உங்கள் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் போல மூன்று மடங்காவது அடுத்த மைக் தள்ளியிருந்தால், அதில் விழும் குரல் 9 டெசிபலுக்கு மேல் தாழ்ந்து இந்தத் தொல்லை அடங்கும். அதைவிட நல்ல வழி, ஒவ்வொருவரையும் தனித்தனித் தடத்தில் பதிந்துகொண்டு, பேசாதவர்களின் தடத்தைப் பிறகு தணிப்பது.

அரங்கின் மிக்சரிலிருந்து (எல்லா மைக்குகளின் ஒலியையும் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் கருவி) ஒரு வயர் இழுத்தால் போதுமே என்று தோன்றும். போதாது. அந்தக் கலவை அரங்கத்துக்காகச் செய்தது. இயல்பிலேயே உரத்த குரலுள்ளவருக்கு ஸ்பீக்கர் உதவி தேவையில்லை என்று ஒலியமைப்பாளர் அவரைக் குறைத்து வைத்திருப்பார். பதிவில் அவர் முணுமுணுப்பார். மைக் இல்லாமல் கேட்கப்படும் பார்வையாளர் கேள்விகள் பதிவிலேயே இருக்காது. நடத்துபவர் கேள்வியைத் திருப்பிச் சொல்லப் பழகிக்கொள்வதைவிட மலிவான தீர்வு எனக்குத் தெரியவில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. மிக்சரிலிருந்து ஒலி வெளியேறும் லைன் அவுட் ஒரு வோல்ட் அளவில் இருக்கும். பதிவுக் கருவியின் மைக் துளை எதிர்பார்ப்பதோ சில மில்லிவோல்ட். நடுவில் குறைப்பான் இல்லையென்றால் ஒலி உடைந்துபோகும்.

உடைந்த ஒலியை ஒட்டவைப்பது கடினம். டிஜிட்டல் பதிவில் உச்ச வரம்பைத்தான் 0 டெசிபல் என்கிறார்கள்; அதற்கு மேல் எண்களே இல்லை. அலையின் உச்சி அப்படியே வெட்டுப்பட்டுவிடும். உச்சம் −12 டெசிபலைச் சுற்றி இருக்கும்படி கெயினை (உள்வரும் ஒலியைப் பெருக்கும் அளவை) வைத்துவிட்டு விலகிக்கொள்ளுங்கள். கைப்பேசியில் தானியங்கி ஒலியளவை அணைக்க முடிந்தால் அணைத்துவிடுங்கள். பேச்சாளர் மூச்சு வாங்கும் இடைவெளியில் அது மின்விசிறிச் சத்தத்தைத் தூக்கிக் காட்டும்.

காணொளியும் எடுப்பதானால், படத்துக்கு ஒரு கேமரா முக்காலி போதும். வெளிச்ச அளவைப் பேச்சாளரின் முகத்துக்குப் பூட்டிவிடுங்கள். இல்லையென்றால் திரையில் வெள்ளைப் பக்கம் வரும்போதெல்லாம் முகம் கறுத்துவிடும்.

மிக்சர் வாங்க வசதியில்லாதவர்கள், ஆளுக்கொரு காலர் மைக்கை அவரவர் கைப்பேசியில் செருகிப் பதியலாம். தொடக்கத்தில் ஒருவர் கை தட்டினால் எல்லாத் தடங்களிலும் ஒரு கூர்மையான முனை விழும். அதை வைத்துப் பொருத்திவிடலாம். ஆனால் எந்த இரண்டு கருவிகளின் படிகக் கடிகாரங்களும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. லட்சத்தில் இரண்டு பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 72 மில்லிவிநாடி விலகிவிடும். பேச்சில் சுமார் 50 மில்லிவிநாடிக்கு மேல் பிந்தி வருவதைக் காது தனி எதிரொலியாகவே கேட்கும். அதனால் முடிவிலும் ஒருமுறை கை தட்டச் சொல்லுங்கள். இரண்டு தட்டல்களுக்கும் இடைப்பட்ட நீளம் எல்லாத் தடங்களிலும் ஒன்றாகும்படி, தொகுக்கும் மென்பொருளில் தடத்தை அணுவளவு இழுத்தோ சுருக்கியோ விடலாம்.